ரிக் வண்டியிலிருந்து கல்கூர்லிக்கு: 482 விசாவுக்கு நான் சேர்த்த காகிதங்கள்

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் வேலை பார்க்கும் தம்பிகள் வாரத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். "அண்ணா, ஆஸ்திரேலியா விசாவுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் திருப்பிக் கேட்பேன்: "இத்தனை வருஷமா நீ மெக்கானிக்கா இருந்தேன்னு காட்ட உன்கிட்ட என்ன காகிதம் இருக்கு?" பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். ஒன்பது வருடம் போர்வெல் ரிக்கோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று சுற்றினேன். 1100 சிஎஃப்எம் கம்ப்ரசர், அதை இழுக்கும் கம்மின்ஸ் இன்ஜின், ராடு தூக்கும் ஹைட்ராலிக்ஸ், எல்லாம் காட்டு வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் பிரித்துக் கட்டியவை. 2026 ஜனவரியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லியில் இருக்கிறேன். பெர்த்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர், தங்கச் சுரங்க ஊர். பாறைக்குள் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கத் துளை போடும் ரிக்குகளுக்கு நான் மெக்கானிக். வேடிக்கை என்னவென்றால் இந்த ஊரில் குடிதண்ணீருக்கு யாரும் போர் போடுவதில்லை. கீழே இருப்பது கடலைத் தோற்கடிக்கும் உப்பு. 1903 முதல் பெர்த் பக்கத்து அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாயில்தான் தண்ணீர் வருகிறது.

இது என் தொழிலின் கதை. நீங்கள் வெல்டரோ சமையல்காரரோ என்றால் சில விவரங்கள் மாறும். வழி அதேதான்.

இந்த விசா எப்படி வேலை செய்கிறது

பெயர் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்', எண் 482. 2024 டிசம்பர் 7 முதல் இந்தப் பெயரில் இருக்கிறது. யூடியூப்பில் டிஎஸ்எஸ் விசா என்று ஓடும் வீடியோக்கள் இதற்கு முந்தியதைப் பற்றியவை. எண் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பழைய வீடியோவில் இரண்டு வருட அனுபவம் என்பார்கள். இப்போது, கடந்த ஐந்து வருடத்துக்குள் ஒரு வருட முழுநேர அனுபவம் இருந்தால் விசா விதிக்குப் போதும். "ஒரு வருடம்தானே" என்று உடனே துள்ள வேண்டாம், பின்னால் இன்னொரு வாசல் இருக்கிறது.

மொத்தம் மூன்று கட்டம். முதலில் கம்பெனி தன்னை ஸ்பான்சராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அனுமதி ஐந்து வருடம் செல்லும். இரண்டாவது நாமினேஷன்: இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு, இந்த ஆளைக் கூப்பிடுகிறேன் என்று கம்பெனி அரசிடம் சொல்வது. அதற்கு முன் உள்ளூரில் நான்கு வாரம் விளம்பரம் போட்டு ஆள் தேடியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் நம்முடையது, விசா விண்ணப்பம். அதாவது முதல் இரண்டு கட்டத்துக்கும் கையெழுத்துப் போடுவது கம்பெனி. "கம்பெனி அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல விசாவைப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நம் மாதிரி கைத்தொழில்காரர்கள் 'கோர் ஸ்கில்ஸ்' பிரிவில் வருவோம். பெரிய சம்பளத்துக்கான இன்னொரு பிரிவு உண்டு, அதில் மெக்கானிக்குகளுக்கு இடம் கிடையாது. கோர் பிரிவுக்கு 456 தொழில்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்கக் குறியீடு. டீசல் மோட்டார் மெக்கானிக் 321212. பக்கத்திலேயே 321211 என்று பொது மோட்டார் மெக்கானிக் இருக்கிறது, அது வேறு. கம்பெனி நாமினேஷனில் எந்த எண்ணைப் போடுகிறதோ, உங்கள் அனுபவக் கடிதம், திறன் மதிப்பீடு, ரெஸ்யூமே எல்லாம் அந்த எண்ணின் வேலையைத்தான் பேச வேண்டும். கடிதத்தில் 'ரிக் ஆபரேட்டர் மற்றும் மெக்கானிக்' என்று இருந்தால் கேள்வி வரும். எனக்கு வந்தது.

சம்பளத்துக்கும் தரைமட்டம் உண்டு. 2025 ஜூலை 1 அன்று அது ஆண்டுக்கு 76,515 ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் இது ஏறும், விண்ணப்பிக்கும் நாளில் குடிவரவுத் துறையின் தளத்தில் பாருங்கள். இதில் சூப்பர் எனும் ஓய்வூதியப் பணம் சேராது. அதுமட்டுமல்ல, அதே வேலையை உள்ளூர்க்காரர் செய்தால் என்ன கொடுப்பார்களோ அதுவும் கிடைத்தாக வேண்டும். இந்த இரண்டில் எது பெரிதோ அது. எனக்கு 98,000 டாலர் என்று ஒப்பந்தம். கல்கூர்லியில் வீட்டு வாடகையைக் கேட்ட பிறகு அது எனக்குப் பெரிய தொகையாகத் தெரியவில்லை என்பது தனிக்கதை.

காகிதம்

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ரிக் வேலையில் என்ன காகிதம்? சீசனுக்கு வண்டி ஏறுவோம், முதலாளி கையில் பேட்டா கொடுப்பார், சம்பளம் வீட்டில் அம்மா கைக்குப் போகும். பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, சம்பளச் சீட்டு என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் முதலாளி நல்ல மனிதர். நான் கடிதம் கேட்டபோது "ஏங் கண்ணு, எங்களை உட்டுட்டு ஓடப்போறியா?" என்று சிரித்துவிட்டு, உடனே லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். 'இவர் எங்களிடம் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார், நல்ல நடத்தை உள்ளவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' கல்யாணப் பத்திரிகையில் போடலாம், விசாவுக்கு உதவாது.

உதவுகிற கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, பதவியின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன எந்திரங்கள், அதில் என்னென்ன வேலைகள். கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி எண். அந்த எண்ணை அவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும். அவர் ராஜஸ்தானில் சிக்னல் இல்லாத சைட்டில் இருந்தால் ஆபீஸ் எண்ணைக் கொடுங்கள்.

இரண்டாவது கடிதத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். வேலைகளின் பட்டியலை இணையத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். திறன் மதிப்பீட்டுக்கு உதவிய ஓர் அக்கா பார்த்துவிட்டு, "இதே வரிகளை நான் நூறு பேர் கடிதத்தில் படிச்சாச்சு" என்றார். மூன்றாவது கடிதத்தை முதலாளியோடும் அவர் கணக்குப்பிள்ளையோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். கம்ப்ரசரின் ஏர்-எண்ட் பேரிங் மாற்றியது, எஃப்ஐ பம்பு எனும் டீசல் பம்பைக் கழற்றி டைமிங் வைத்துப் பூட்டியது, மாஸ்ட் சிலிண்டருக்கு சீல் போட்டது, 250 மணி நேர சர்வீஸ், 1000 மணி நேர சர்வீஸ். இதில் ஒவ்வொன்றும் நான் செய்தது, கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். அந்தக் கடிதம்தான் வேலை செய்தது.

ஆனால் கடிதம் மட்டும் என்பது ஒருவர் வாய்வார்த்தை மாதிரிதான். அதற்குச் சாட்சி வேண்டும். எனக்கு உதவியது ஒரு தற்செயல். 2021இல் தங்கை கல்யாணத்துக்கு பேங்கில் லோன் கேட்டேன். பாஸ்புக்கில் மாதச் சம்பளம் வந்தால்தான் தருவோம் என்றார்கள். அன்று எரிச்சலோடு முதலாளியிடம் சொல்லி சம்பளத்தை அக்கவுண்ட்டில் போடச் சொன்னேன். நான்கு வருடம் கழித்து அந்த நான்கு வருட பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் என் அனுபவத்துக்குத் தூண். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தை ஓரளவுதான் நிரூபிக்க முடிந்தது. உதிரிப் பாகக் கடைகளின் பில்லில் 'பெற்றுக்கொண்டவர்' என்று என் கையெழுத்து இருந்ததை முதலாளியின் ஆபீஸ் பரணில் தேடி எடுத்தோம். ஹவர் மீட்டர் குறித்து வைத்த சர்வீஸ் நோட்டு இரண்டு கிடைத்தது, ஒன்று கிரீஸில் ஊறியிருந்தது. அதையும் அப்படியே ஸ்கேன் செய்தேன். பிரித்துப் போட்ட இன்ஜினுக்கு முன்னால் நான் நிற்கும் போட்டோக்கள், வேலை செய்யும் வீடியோக்கள். போனில் போட்டோ எடுத்த தேதி பதிந்திருக்கும் என்பதால் வாட்ஸ்அப்பில் வந்ததை விட அசல் கோப்பு நல்லது.

இப்போது ரிக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்த மாதமே சம்பளத்தை அக்கவுண்ட்டில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யுங்கள், வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இல்லாத அனுபவத்தைக் கடையில் வாங்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் பத்தாயிரத்துக்கு ஐந்து வருட அனுபவம் கிடைக்கும். பொய்க் காகிதம் என்று தெரிந்தால் விசா மறுப்பதோடு மூன்று வருடத்துக்கு வேறு பெரும்பாலான விசாக்களும் கிடைக்காமல் போகும். 2020இல் லாக்டவுனில் ஐந்து மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். விண்ணப்பத்தில் அதையும் 'வேலை இல்லை' என்றே எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் பெயர். தமிழர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. ஐடிஐ சான்றிதழில் எனக்கு ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக குடும்பப் பெயர் இடத்தில். பேங்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். ஆதாரில் அப்பா பெயரின் ஸ்பெல்லிங்கில் ஒரு 'எச்' கூடுதல். எல்லாரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்தேன். விண்ணப்பத்தில் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால், நேரமிருக்கும்போதே திருத்திக்கொள்வது நிம்மதி.

கம்பெனியைப் பிடிப்பது

சீக் என்று அங்கே ஒரு வேலைத் தளம் இருக்கிறது. அதில் 'ஹெவி டீசல் ஃபிட்டர்' என்று தேடினால் விளம்பரங்கள் கொட்டும். நம்முடைய மெக்கானிக்கை அங்கே ஃபிட்டர் என்பார்கள். பெரும்பாலான விளம்பரங்களில் உள்ளூரில் வேலை செய்யும் உரிமை கேட்பார்கள், அவற்றை விட்டுவிட்டு ஸ்பான்சர் செய்வதாகச் சொல்பவற்றுக்கு மட்டும் போட்டேன். மொத்தம் 61 விண்ணப்பம், நான்கு பதில், இரண்டு இண்டர்வியூ, ஒரு வேலை. பெரிய நகரத்துக் கம்பெனிகள் ஒன்றுகூடப் பதில் போடவில்லை. பதில் வந்த நான்கும் ஆள் கிடைக்காத ஊர்களிலிருந்து வந்தவை.

ரெஸ்யூமேயில் போட்டோ, மதம், அப்பா பெயர், திருமணமானவரா என்பதெல்லாம் வேண்டாம். இரண்டு பக்கம். நான் முதல் பக்கத்திலேயே எந்திரங்களின் பெயரைப் போட்டேன்: எந்தக் கம்பெனி இன்ஜின், எந்த மாடல் கம்ப்ரசர், எத்தனை வருடம். பின்னால் மேலாளர் சொன்னார், மற்றவர்கள் 'கடின உழைப்பாளி, குழு மனப்பான்மை' என்று எழுதியிருந்தார்களாம். கம்ப்ரசர் மாடலைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டாராம்.

இண்டர்வியூ வீடியோவில். அங்கே காலை எட்டு மணி, நமக்கு விடியற்காலை அஞ்சரை. வொர்க்‌ஷாப் மேலாளர் கேட்டார்: "ஹைட்ராலிக் பம்புக்குள் ஜல்லி உருள்வது மாதிரிச் சத்தம் வருகிறது. என்ன செய்வாய்?" எனக்குத் தெரிந்த கேள்வி. ஆயில் லெவல், சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைப்பு, சக்‌ஷன் ஹோஸ் உள்ளே உரிந்து மடங்கியிருப்பது என்று கடகடவெனச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அதுக்கு முன்னாடி?" என்றார். எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் புரிந்தது: இன்ஜினை நிறுத்து, பிரஷரை இறக்கு, பேட்டரி ஐசொலேட்டரில் உன் பூட்டைப் போடு, உன் பெயர் எழுதிய டேக் மாட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று சோதித்துப் பார், அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடு. நாம் ஓடுகிற இன்ஜினுக்கு அடியில் படுத்து லீக் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த முதல் இண்டர்வியூவில் எனக்கு வேலை கிடைக்கவில்லை.

இரண்டாவது கம்பெனி மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டது. எந்தக் கேள்விக்கும் பூட்டு, டேக் என்றுதான் ஆரம்பித்தேன்.  அங்கே கிடைத்த வேலைதான் இது.

கம்பெனி நிஜமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு தொழில் நிறுவனத்துக்கும் ஏபிஎன் என்று 11 இலக்க எண் உண்டு. அதை அரசின் ஏபிஎன் லுக்கப் தளத்தில் போட்டால் பெயர், மாநிலம், எப்போது பதிவானது எல்லாம் வரும். ஆஃபர் லெட்டர் ஜிமெயிலிலிருந்து வந்தாலே சந்தேகப்படுங்கள்.

யார் எதைக் கட்டுவது

2022இல் நான் ஒரு ஏஜெண்டிடம் 40,000 ரூபாய் கொடுத்தேன். ஏசி ரூம், சுவரில் கங்காரு படம், நல்ல இஞ்சி டீ. 'புரொஃபைல் ஓப்பனிங்' என்று அந்தப் பணத்துக்குப் பெயர். அடுத்து ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தர 12 லட்சம் என்றார். என்னிடம் 12 லட்சம் இல்லாததால் பிழைத்தேன், புத்தியால் அல்ல.

சட்டம் இதுதான்: ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பது ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பர் முதல் குற்றம், கொடுப்பதற்கும் அபராதம் உண்டு. கொடுத்தவருடைய விசாவும் ரத்தாகலாம். ஸ்பான்சர் பதிவுக்கு 420 டாலர், நாமினேஷனுக்கு 330 டாலர், அதோடு பயிற்சி நிதி என்று ஒரு வரி. ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி டாலருக்குக் குறைவான கம்பெனிக்கு வருடத்துக்கு 1,200, மற்றவர்களுக்கு 1,800. இவை முழுக்கக் கம்பெனியின் செலவு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. என் கம்பெனி நான்கு வருடத்துக்கு 7,200 டாலரை நாமினேஷன் போட்ட நாளிலேயே மொத்தமாகக் கட்டியது. முகம் பார்க்காத ஓர் ஆளுக்கு இவ்வளவு முன்பணம் கட்டுகிறவன் காகிதத்தைத் துருவித் துருவிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

நம் செலவு: விசாக் கட்டணம். நான் போட்ட 2025 ஆகஸ்டில் 3,210 டாலர், நம் காசில் 1,80,000 ரூபாயைத் தாண்டியது. மனைவியைச் சேர்த்தால் அவருக்கும் அதே தொகை. அதனால் நான் தனியாகவே வந்தேன். பிறகு ஆங்கிலத் தேர்வு, திறன் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று. எல்லாம் சேர்த்து எனக்கு நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. டிக்கெட் கம்பெனி எடுத்தது.

ஆலோசகர் வேண்டுமென்றால் ஆஸ்திரேலிய அரசிடம் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜெண்டைப் பிடியுங்கள். அவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், ஓமாரா எனும் அந்தப் பதிவு அலுவலகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். இந்தியாவில் ஆள் எடுத்து அனுப்பும் ஏஜெண்ட் என்றால் அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்பவரிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இந்த வரியை அச்செடுத்து அந்தக் கங்காரு படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட ஆசை.

ஆங்கிலமும் திறன் மதிப்பீடும்

ஆங்கிலத் தேர்வு ஐஎல்ட்ஸ் என்றால் மொத்தத்தில் 5, நான்கு பகுதியிலும் தலா 5. கேட்க எளிது. எனக்கு முதல் தடவை எழுத்தில் 4.5. பேச்சில் 6 வாங்கியவன் எழுத்தில் கவிழ்ந்தேன், 18,000 ரூபாய் போச்சு. எட்டு வாரம் தினமும் ஒரு கட்டுரை, கோயம்புத்தூரில் இரண்டாவது தடவை சரியாக 5. வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வு செல்லாது. உயர்நிலைப் பள்ளி அல்லது கல்லூரியில் ஐந்து வருடம் ஆங்கில வழியில் படித்தவருக்குத் தேர்விலிருந்தே விலக்கு உண்டு. நான் தமிழ் வழி, அரசுப் பள்ளி.

இன்னொரு வாசல் என்று மேலே சொன்னேனே, அது இது. சில தொழில்களுக்கு, சில நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்குத் திறன் மதிப்பீடு கட்டாயம். டீசல் மெக்கானிக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டும் அதில் அகப்படும். நடத்துவது டிஆர்ஏ எனும் ஆஸ்திரேலிய அரசு அமைப்பு. அது அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்கள் முதலில் காகிதத்தைப் பார்க்கும், பிறகு வீடியோவில் தொழில் தெரிந்த ஒருவர் பேசுவார். இங்கே ஒரு வருட அனுபவம் செல்லாது, பல வருடம் கேட்பார்கள். ஐடிஐ சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இன்னும் கூடுதல். என் நேர்காணலில் இன்ஜெக்டர் சோதனை, டர்போ ஷாஃப்ட் ஆட்டம், கூலண்டில் ஆயில் கலப்பது என்று கேள்விகள். பேச்சு திக்கினால் வரைந்து காட்டுங்கள். நான் கூலிங் சர்க்யூட்டைத் தாளில் வரைந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தேன், அவர் அதன்மேலேயே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

விண்ணப்பம்

இதில் சொல்ல அதிகமில்லை. இமிஅக்கவுண்ட் என்ற அரசுத் தளத்தில் கணக்குத் திறந்து, கம்பெனி கொடுக்கும் நாமினேஷனின் குறிப்பு எண்ணைப் போட்டு, கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஸ்கேன் செய்தவற்றை ஏற்றிப் பணம் கட்டுவது. கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஏஜெண்ட் போட்டாலும் சமர்ப்பித்த விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். பதிலுக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

தமிழில் உள்ள காகிதத்துக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து ஏற்ற வேண்டும். கோப்புகளுக்கு 'ஸ்கேன்001' என்று பேர் வைக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பேர் வையுங்கள். பார்க்கும் அதிகாரியும் மனிதர்தானே.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா தளத்தில், 500 ரூபாய். கடந்த பத்து வருடத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ வேறு நாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். வளைகுடா போய் வந்தவர்கள் இதை முதலில் ஆரம்பியுங்கள். மருத்துவத்துக்கு ஹாப் ஐடி என்று ஓர் எண் வரும். அதை எடுத்துக்கொண்டு துறை அங்கீகரித்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நான் சென்னைக்குப் போனேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது பயமாக இருந்தது, ஒன்பது வருடம் கல்தூளைச் சுவாசித்தவன் அல்லவா? ரிப்போர்ட் நேராக ஆன்லைனில் அவர்களுக்குப் போய்விடும், நம் கையில் தர மாட்டார்கள்.

இந்தியர்களுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்த விசாவில் கிடையாது. தனியார் காப்பீடு எடுத்து அந்தச் சான்றையும் ஏற்ற வேண்டும்.

ஆகஸ்டில் போட்டது டிசம்பர் இரண்டாவது வாரம் வந்தது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள், மின்னஞ்சலில் ஒரு கடிதம் மட்டும். அம்மா நம்பவில்லை. "முத்திரை எங்கடா?" என்றார். வீவோ என்ற அரசுத் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு விசா நிலையைக் காட்டிய பிறகும் பாதி சந்தேகம்தான்.

வந்த பிறகு

இறங்கிய 90 நாளுக்குள் வேலையில் சேர்ந்துவிட வேண்டும். நாமினேஷனில் உள்ள தொழிலைத்தான் செய்ய வேண்டும். வேலை போனாலோ விட்டாலோ அடுத்த ஸ்பான்சரைப் பிடிக்க ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுக்கக் கூட்டினால் 365 நாள். அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை செய்யவும் அனுமதி உண்டு. "வேலையை விட்டா மறுநாளே நாடு கடத்திருவாங்க" என்று மிரட்டும் முதலாளி யாராவது வாய்த்தால் இந்த எண்களை நினைவில் வையுங்கள். சம்பளத்தில் குளறுபடி என்றால் ஃபேர் வொர்க் எனும் அரசு அலுவலகம் இலவசமாக உதவும். ஆங்கிலம் தடுமாறினால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணில் தமிழ் பேசுபவரைக் கேட்கலாம்.

வந்த வாரமே வரி எண் வாங்குங்கள், இல்லாவிட்டால் வரியை உச்ச விகிதத்தில் பிடிப்பார்கள். சூப்பர் 12 சதவீதம் சம்பளத்துக்கு மேல் போகிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள்.

ஒரு ஸ்பான்சரிடம் இரண்டு வருடம் வேலை செய்தால் நிரந்தரமாக வசிப்பதற்கான 186 விசாவுக்குக் கம்பெனி நம்மை நாமினேட் செய்ய வழி உண்டு. பொதுவாக வயது 45க்குள் இருக்க வேண்டும், ஐஎல்ட்ஸ் நான்கிலும் தலா 6. எனக்கு 34 ஆகிறது. எழுத்துக்காக மறுபடியும் தினம் ஒரு கட்டுரை ஆரம்பித்தாயிற்று.

இங்கே சம்பளம் போட்ட மறு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். எனக்கு வியாழக்கிழமைகளில் மின்னஞ்சலில் வரும். அன்றைக்கே இறக்கி, தேதி போட்டு, ஒரு ஃபோல்டரில் வைத்து, திருச்செங்கோட்டில் தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். "எனக்கு எதுக்குண்ணா இது?" என்று முதல் மாதம் கேட்டாள். இப்போது கேட்பதில்லை.